ஒரே உப்பு ஏரியில் இரண்டு கல்வரப்புகள்

செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குப் போங்கள். கிரேட் சால்ட் ஏரி என்கிற பெரிய உப்பு ஏரியில் முதலில் கண்ணில் படுவது ஒரு கோடு. ஸ்கேல் வைத்துக் கிழித்தாற்போல் கிழக்கு மேற்காக ஏரியை இரண்டாக அறுக்கிறது. கோட்டுக்குத் தெற்கே தண்ணீர் பச்சையும் நீலமுமாக இருக்கிறது. வடக்கே ரோஸ்மில்க் நிறம். இரண்டு படங்களை ஒட்டியதில் வந்த கோளாறு என்று தோன்றும். கோளாறு இல்லை. அது ஒரு ரயில் பாதை.

இப்போது ரோஸ்மில்க் பக்கத்தின் வடகிழக்குக் கரையில் ரோசல் பாயிண்ட் என்ற இடத்துக்கு நகர்ந்து, திரையை விரல்களால் விரித்துக்கொண்டே போனால் கொசுவர்த்திச் சுருள் மாதிரி ஒன்று தெரியும். அதுதான் ‘ஸ்பைரல் ஜெட்டி’. (ஜெட்டி என்றால் படகு அணையும் துறைமேடை. சிரித்து முடித்துவிட்டு வாருங்கள்.) 1970 ஏப்ரலில் ராபர்ட் ஸ்மித்சன் என்ற 32 வயதுக் கலைஞர் கல்லையும் மண்ணையும் லாரியில் அடித்து ஏரிக்குள் போட்ட சுருள் பாதை இது. நீளம் 1,500 அடி, அகலம் 15 அடி. நிலவியலைக் கருவாகக் கொண்ட நவீனக் கலை என்று பேச்செடுத்தால் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று.

கலைப் பத்திரிகைகள் சுருளைப் பற்றி நிறைய எழுதிவிட்டன. ரயில் கரையைப் பற்றி ஒரு வரி, அதிகம் போனால் இரண்டு வரி. எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. சுருள் எங்கே கட்டப்பட்டது, அதைச் சுற்றி என்ன நிறம், அது எப்போது முங்கியது, இன்றைக்கு ஏன் வறண்டு கிடக்கிறது என்ற எல்லாக் கேள்விக்கும் பதிலில் பாதி அந்த ரயில் கரையில் இருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்த ஏரி, பானவில் என்ற பழைய ஏரியின் அடிவண்டல். சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், பானவில் ஏரி ஆயிரம் அடி ஆழத்தோடு இன்றைய யூட்டாவின் மேற்குப் பாதியை நிறைத்து நின்றது. பிறகு வடக்கே இன்றைய ஐடஹோவில் ரெட் ராக் கணவாய் உடைத்துக்கொண்டு நீர் பாய்ந்து, மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் இறங்கியது. மிச்சத்தை வெயில் குடித்தது. அருகிலுள்ள வாசாட்ச் மலைச்சரிவுகளில் படிக்கட்டு வெட்டியதுபோலப் பழைய நீர்மட்டக் கோடுகள் இன்றும் தெரிகின்றன. இப்போதுள்ள ஏரிக்குக் கடலுக்குப் போக வழி கிடையாது. ஆறுகள் வரும், உப்பைக் கொண்டுவரும், நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். கடைமடை ஏரி. மேலே மடையைத் திருப்பினால் கடைமடைக்கு என்ன கிடைக்கும் என்பது தஞ்சாவூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு குணமும் முக்கியம். ஏரி பெரியதே தவிர ஆழமில்லை. தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர்போல. அதனால் மட்டம் ஓரடி ஏறினாலும் இறங்கினாலும் கரை வெகுதூரம் நகரும். 1963-ல் நீர்மட்டம் தாழ்ந்தபோது பரப்பு சுமார் 950 சதுர மைல். 1987-ல் நிறைந்தபோது சுமார் 3,300 சதுர மைல். இரண்டுக்கும் நடுவே மட்ட வித்தியாசம் வெறும் இருபது அடி சொச்சம். இப்படிப்பட்ட இடத்தில் கரையோரமாக எதைக் கட்டினாலும் அது ஒரு அளவுகோல் ஆகிவிடும், கட்டியவர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும்.

ரயில் கரை வந்தது இப்படி. 1904-ல் ஏரியின் குறுக்கே மரத்தூண்கள் மேல் ஒரு பாலம் போட்டு லூசின் குறுக்குப்பாதை என்ற ரயில் தடத்தைக் கொண்டுபோனார்கள். மரம் அரை நூற்றாண்டு தாங்கியது. 1950-களில் அதற்குப் பக்கத்திலேயே கல்லும் மண்ணும் கொட்டி, சுமார் 13 மைல் நீளத்துக்குத் திடமான கரை எழுப்பினார்கள். 1959-ல் வேலை முடிந்தது. மரப்பாலத்தின் அடியில் நீர் தாராளமாகப் போய்வந்தது. கல்கரையில் நீர் போக இருந்தது பதினைந்தடி அகலத்தில் இரண்டே மதகுகள்.

பேர், வீபர், ஜோர்டான் என்ற மூன்று முக்கிய ஆறுகளும் கரைக்குத் தெற்கே ஏரியில் விழுகின்றன. வடக்குப் பாதிக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஆறு இல்லை. தெற்கே நன்னீர் வந்துகொண்டிருக்க, வடக்கே ஆவியாவது மட்டும் நடந்தது. சில ஆண்டுகளிலேயே வடபாதி உப்புச் செறிவின் உச்சத்தைத் தொட்டுவிட்டது. எடையில் நூற்றுக்கு 26, 27 பங்கு உப்பு. அதற்கு மேல் நீரில் கரைய இடமில்லை, அடியில் படிய வேண்டியதுதான். கடல்நீரில் இருப்பது மூன்றரைப் பங்கு.

நிறம் மாறியது இதனால்தான். தெற்குப் பாதியில் உப்பிறால் எனப்படும் ஆர்டீமியா வாழ்கிறது. பாசியைத் தின்று நீரைத் தெளிவாக வைக்கிறது. வடக்கே அதற்குத் தாங்காது. துனலியெல்லா சலைனா என்ற நுண்பாசியும், உப்பை விரும்பும் ஆர்க்கியா நுண்ணுயிர்களும் போட்டியில்லாமல் பெருகுகின்றன. சுள்ளென்ற வெயிலுக்கும் உப்புக்கும் தற்காப்பாகப் பாசி தன் உடம்பில் கேரட்டில் உள்ள அதே நிறமியைச் சேர்த்துக்கொள்கிறது. ஆர்க்கியாவும் தன் பங்குக்குச் சிவப்பு நிறமி வைத்திருக்கிறது. தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் உப்பளத்தைக் கவனித்தவர்களுக்கு இது புதிதல்ல. உப்பு விளையப்போகும் பாத்தியில் நீர் செம்மை தட்டுவதும் இதே உயிர்களால்தான். யூட்டாவில் ஒரு ரயில் கம்பெனி, தெரியாமலே, உலகத்தின் மிகப் பெரிய உப்புப் பாத்திகளில் ஒன்றுக்கு வரப்புக் கட்டிவிட்டது.

ஸ்மித்சன் அங்கே வந்ததே அந்த நிறத்துக்காக. நியூ ஜெர்சியில் பிறந்தவர், சின்ன வயதிலிருந்தே கற்களும் படிகங்களும் சேகரித்தவர். 1968 வாக்கில் குவாரிகளிலிருந்தும் சுரங்கங்களிலிருந்தும் கல், கசடு அள்ளிவந்து, உலோகத் தொட்டிகளில் நிரப்பி, பக்கத்தில் அந்த இடத்தின் வரைபடத்தை மாட்டிக் காட்சிக்கு வைத்தார். இடம் வெளியே, அதன் துண்டு உள்ளே. இடத்துக்கே போய் வேலை செய்ய வேண்டும் என்பது அடுத்த படி. பொலிவியாவின் சிவப்பு உப்பு ஏரிகளைப் பற்றிப் படித்து மயங்கினார், அது தொலைவு. யூட்டா மாநிலப் பூங்காத் துறைக்குத் தொலைபேசியில் கேட்டபோது, ரயில் கரைக்கு வடக்கே தண்ணீர் தக்காளி சூப் நிறத்தில் இருக்கிறது என்று சொன்னார்கள். அது போதுமாயிருந்தது. ஆகவே, ரயில் கரை இல்லையென்றால் ரோசல் பாயிண்டில் சுருள் இல்லை. 

அந்த இடத்தில் வேறு சில சாமான்களும் இருந்தன. ரோசல் பாயிண்டில் தார் தானாகவே தரையிலிருந்து கசிகிறது. அதை நம்பி எண்ணெய் எடுக்க முயன்று தோற்றவர்கள் விட்டுப்போன குழாய், கொட்டகை, துருப்பிடித்த இயந்திரம் எல்லாம் கரையில் கிடந்தன. ஸ்மித்சனுக்கு அவை தொந்தரவாகத் தோன்றவில்லை. எல்லாமே மெல்லச் சிதைந்து சமநிலைக்கு வரும் என்பதுதான் அவருடைய அடிப்படைச் சிந்தனை. அந்தத் துருக்குப்பையே அதற்குச் சாட்சி. 2005-ல் மாநில அரசு அதையெல்லாம் லாரியில் அள்ளிப் போய்விட்டது. சுத்தம் நல்லதுதான், ஆனால் அந்தக் கலைஞர் தேர்ந்தெடுத்த காட்சியில் ஒரு பாதி அன்றைக்குக் குப்பை வண்டியில் ஏறிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி வேலை. ஏரிப் படுகை மாநிலத்துக்குச் சொந்தம். நம் ஊர் ஏரிப் புறம்போக்குபோல. ஆண்டுக்கு 100 டாலர் வாடகையில் 20 ஆண்டுக் குத்தகை எடுத்தார். நியூயார்க் கேலரி உரிமையாளர் வர்ஜீனியா ட்வான் 9,000 டாலர் கொடுத்தார். அடுத்து ஒப்பந்ததாரர். ஏரிக்குள் லாரியை ஓட்டி ஒன்றுக்கும் உதவாத கரை கட்ட வேண்டும் என்றால் யார் வருவார்கள்? பலர் மறுத்தபின் ஆக்டன் நகரத்து பாப் பிலிப்ஸ் ஒப்புக்கொண்டார். உப்பளக் கரைகள் கட்டிப் பழகியவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: இந்த ஏரியில் எதிரி தண்ணீர் அல்ல, அடியிலுள்ள சேறு.

தளவாடம்: இரண்டு டிப்பர் லாரி, ஒரு டிராக்டர், ஒரு லோடர். வீடு கட்டும்போது மனையில் முளை அடித்துக் கயிறு கட்டுவோமே, அதேதான் இங்கும். சுருளின் மையத்தில் ஒரு முளை, அதிலிருந்து கயிறு, கயிற்றின் நீளத்தை மாற்றிக்கொண்டே ஆழமில்லாத நீரில் நடந்து, வளைவின் விளிம்பு நெடுக முளைகள். கரையிலிருந்து முதலில் ஒரு சாய்ந்த நேர்ப்பாதை. பிறகு இடப்பக்கமாக மூன்று சுற்று. முளைகளை அடிக்கும்போதே தரையைக் காலால் சோதித்தார்கள். ஏரிப்படுகையின் மேல் உப்பு ஒரு தட்டுப்போல இறுகி நிற்கும். அதன் அடியில் கருஞ்சேறு. தட்டு வெடித்துச் சேறு பொங்கிய இடங்களைத் தவிர்க்கும்படி சுருளின் தடத்தை ஒதுக்கிப் போட்டார்கள். எல்லாவற்றையும் தவிர்க்க முடியவில்லை.

கல் வெளியூரிலிருந்து வரவில்லை. கரையிலும் பின்னாலுள்ள குன்றுச்சரிவிலும் பசால்ட் கொட்டிக் கிடக்கிறது. பசால்ட் என்பது எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கருநிறக் கல். தமிழ்நாட்டில் நாம் கருங்கல் என்று சொல்வது பெரும்பாலும் இதுவல்ல, நம்முடையது பூமிக்கு வெகு ஆழத்தில் விளைந்த பழங்கல். டிராக்டர் கல்லையும் மண்ணையும் அள்ளி லாரியில் போடும். லாரி முளை வரிசைக்குள் பின்னோக்கியே போய், நுனியில் கொட்டிவிட்டு, முன்னோக்கித் திரும்பும். 15 அடி அகலத்தில் லாரியைத் திருப்ப முடியாது; எனவே ஒவ்வொரு லோடும் முழுத் தூரமும் ரிவர்ஸ்தான். சுருள் நீள நீள ஓட்டுநர் ரிவர்ஸில் போக வேண்டிய தூரமும் கூடியது, அதுவும் வளைவில். கொட்டியதை லோடர் பரப்பும். பெரிய கற்கள் ஓரத்துக்கு, மண்ணும் பொடிக்கல்லும் நடுவுக்கு. ஓரக்கல் இல்லாமல் வெறும் மண்ணைக் கொட்டியிருந்தால் முதல் காற்றடித்த நாளிலேயே அலை அரித்துத் தின்றிருக்கும்.

பெரிய சிக்கல் தொடக்கத்திலேயே வந்தது. கரை முடிந்து நீர் தொடங்கும் இடத்தில் லாரிச் சக்கரங்கள் பிசுபிசுத்த களிச்சேற்றில் புதைந்தன. அந்த ஓரிடத்தை நிரப்பவே ஒரு முழு மதியம் போயிற்று. எந்தச் சேற்று நிலத்திலும் இதுதான் நடக்கும். முதலில் போடும் கல் நிற்காது, இறங்கும். சேறு பக்கவாட்டில் பிதுங்கும். போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அடிக்கல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்வரை. அதைத் தாண்டியபின் ஆபத்து உப்புத்தட்டு எப்போது உடையும் என்பதில் இருந்தது.

ஸ்மித்சன் தந்த கணக்கு: 6,650 டன் பொருள், 292 லாரி மணி, 625 ஆள் மணி. அமெரிக்கச் சிறு டன் என்பதால் நம் கணக்கில் சுமார் 6,030 மெட்ரிக் டன். கன மீட்டருக்கு 1.6 டன் என்று வைத்தால் 3,770 கன மீட்டர். ஊரில் ஜல்லி வாங்கும் கணக்கில் சொன்னால் 1,300 யூனிட் சொச்சம். அதைச் சுருளின் நீள அகலத்தால் வகுத்தால் சராசரி உயரம் ஏறக்குறைய 1.8 மீட்டர் வருகிறது. கட்டியபோது நீர் முழங்கால் அளவுதான் இருந்தது, சுருளும் நீருக்கு மேல் அதிகம் துருத்தி நிற்கவில்லை. மீதி உயரம் எங்கே? சேற்றுக்குள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பகுதிதான் ஐம்பது ஆண்டுகளாக மேலுள்ளதைத் தாங்குகிறது.

இன்று நாம் பார்க்கும் வடிவம் முதலில் கட்டியது அல்ல. முதல் முறை கொக்கிபோல் வளைந்து, நுனியில் ஒரு வட்டத் திட்டோடு முடிந்தது. லாரிகள் போய்விட்டன. ஸ்மித்சன் இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆட்களைத் திரும்ப அழைத்தார். கொட்டிய கல்லை அள்ளி மறுபடி அடுக்கி, திட்டை எடுத்துவிட்டு, சுருளை முழுதாக உள்ளே இழுத்தார்கள். கொக்கி ஒரு திட்டை நோக்கிப் போகும் பாதை, போய்ச்சேர ஓரிடம் இருக்கிறது. சுருள் எங்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. மையத்தில் ஒன்றும் இல்லை, வந்த வழியே திரும்ப வேண்டும். கட்டி முடித்தபின் மாற்றும் துணிச்சல் பலருக்கு வராது. கையில் காசு குறைவாக இருக்கும்போது சுத்தமாக வராது.

சுருள் இடஞ்சுழி. கரையிலிருந்து உள்ளே நடந்தால் மையம் எப்போதும் இடக்கைப் பக்கம் இருக்கும். கோயில் பிராகாரத்தில் வலம் வந்து பழகிய காலுக்கு இது எதிர்த் திசை.

உப்பின் வேலை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நீர் தெறித்து நனையும் கல் வெயிலில் காய்கிறது, ஒரு மெல்லிய உப்புப் படலம் தங்குகிறது, மறுபடி நனைகிறது. படிகத்தின் பரப்பில் எங்காவது அணுவரிசை பிசகி ஒரு படி உண்டானால் புதிய அணுக்கள் அந்தப் படியில்தான் வந்து ஒட்டும். படி தன்னைச் சுற்றியே வளர்ந்து திருகாணிபோல் மேலேறும். ஸ்மித்சனுக்கு இந்த விஷயம் தெரியும். உப்புப் படிகம் வளர்கிற முறையும் தன் சுருளும் ஒன்றையொன்று எதிரொலிக்கின்றன என்று அவரே சொல்லியிருக்கிறார். உப்பு பூத்தால் கற்களை அது சிமெண்டுபோலப் பிணைக்கவும் செய்கிறது. ஆனால் நம்பத் தகுந்த சிமெண்ட் அல்ல. செறிவு குறைந்த நீர் வந்தாலோ நல்ல மழை பெய்தாலோ கரைந்துவிடும்.

அதனால் ஸ்பைரல் ஜெட்டிக்கு ஒரே தோற்றம் கிடையாது. 1970-ல் சிவப்பு நீரில் கருங்கல் சுருள். நீருக்கடியில் பல ஆண்டு கிடந்து 2002 வாக்கில் எழுந்தபோது, இளஞ்சிவப்பு நீரில் வெள்ளைச் சுருள். இப்போது நீர் விலகிப் போய், மழை கல்லைக் கழுவி, வெள்ளை உப்புத் தரையில் மங்கிய கரும்பழுப்புச் சுருள். மூன்று படத்தையும் அடுத்தடுத்து வைத்தால் நெகட்டிவும் பிரிண்டும் மாறி மாறி வந்ததுபோல இருக்கும்.

முங்கியதன் கணக்கு எளிது. கட்டியபோது வறட்சி, ஏரி மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 4,195 அடி. அதுவே சராசரியைவிடத் தாழ்வு. இரண்டே ஆண்டில் நீர் ஏறிச் சுருளை மூடியது. ஸ்மித்சன் 1973 ஜூலை 20 அன்று டெக்சாஸில் அமரில்லோ அருகே இன்னொரு வேலைக்கு இடம் பார்க்கச் சிறு விமானத்தில் பறந்தபோது விபத்தில் இறந்தார்; வயது 35. 1980-களில் பெருமழை. 1986, 87-ல் மட்டம் 4,211.85 அடி வரை போய்ச் சாதனை படைத்தது. சுருள் இரண்டாள் ஆழத்துக்கும் கீழே. அப்போது ரயில் கரையைக் காப்பாற்றவும் தெற்கே வெள்ளத்தைக் குறைக்கவும் 1984-ல் கரையில் 300 அடி அகலத்துக்கு உடைப்பு வெட்டினார்கள். தெற்கு நீர் வடக்கே பாய்ந்தது. முப்பது ஆண்டுக்காலம் உலகத்தில் பெரும்பாலோருக்கு இந்தப் படைப்பு ஒரு புகைப்படம், அல்லது ஸ்மித்சன் ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த 16 மி.மீ. படம். அவ்வளவுதான்.

2000-களின் தொடக்கத்தில் வறட்சி சுருளை வெளியே கொண்டுவந்ததும் ஒரு விவாதம் எழுந்தது. மறுபடி முங்குமுன் கல்லைக் கூட்டி உயர்த்திவிடலாமா? ஸ்மித்சனே உயிரோடிருந்தபோது அதை யோசித்ததுண்டு. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். கொட்டிய கல் ஒரு பங்கு உயரத்துக்கு ஒன்றரைப் பங்கு அகலம் என்ற சரிவில் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் உயர்த்த இரு பக்கமும் சேர்த்து மூன்று மீட்டர் அகலம் தேவை. அடியை அகலப்படுத்தாமல் ஏற்றினால் 4.6 மீட்டர் நடைபாதை 1.6 மீட்டராகச் சுருங்கும். அடியை அகலப்படுத்தினால் சுற்றுகளுக்கு நடுவேயுள்ள இடைவெளி போய்விடும்; சுருள் வட்டத் தட்டாகும். புது எடை சேற்றைப் பிதுக்கும், பழைய உப்புப் பிணைப்பு நொறுங்கும். நல்லவேளை, யாரும் லாரியைக் கூப்பிடவில்லை.

1999-ல் ஸ்மித்சனின் மனைவியும் தன்னளவில் பெரிய கலைஞருமான நான்சி ஹோல்ட் வழியாகப் படைப்பு நியூயார்க்கின் டியா (Dia) கலை அறக்கட்டளைக்குக் கொடையாக வந்திருந்தது. பழுதுபார்ப்பதற்குப் பதிலாக அளப்பது என்று டியா முடிவெடுத்தது. கலைப்பொருட்களைப் பாதுகாக்கும் வழிகளை ஆராயும் கெட்டி (Getty) நிறுவனத்தின் உதவியோடு வந்த வழி மலிவானது, அழகானது: ஹீலியம் நிரப்பிய பலூன், அதில் தானாகப் படமெடுக்கும் சாதாரண டிஜிட்டல் கேமரா, கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருள்மேல் நடக்கும் ஆள். ஹெலிகாப்டர் செலவு மிச்சம், ஆண்டுதோறும் செய்யலாம். 

பலூன் வேலையில் எது கெடும் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். காற்று எழும்பினால் பலூன் கிடையாகப் படுக்கும், படம் சாயும். அதனால் விடியற்காலையே ஏற்ற வேண்டும். கேமரா சுழன்றுகொண்டே இருக்கும் என்பதால் படங்களைப் பின்னால் பொருத்திக்கொள்ளத் தரையில் பெரிய குறிகள் வைத்து, அவற்றின் இருப்பிடத்தைக் கருவியால் அளந்து பதிய வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அதே புள்ளிகள் வேண்டும், இல்லையென்றால் கல் நகர்ந்ததா கேமரா நகர்ந்ததா என்று சொல்ல முடியாது. புள்ளிகளை நகரும் உப்புத் தரையில் அல்ல, குன்றிலுள்ள பாறையில் கட்டிவைக்க வேண்டும். இப்படி எடுத்த படங்களில் தெரிவது, கற்கள் பெரும்பாலும் அசையவில்லை என்பது. மாறுவது சுற்றுகளுக்கு நடுவே சேரும் மணலும் வண்டலும்.

மனிதர்களால் வரும் சேதம் வேறு ரகம். வருகிறவர்கள் கல்லை நினைவுப்பொருளாக எடுத்துப்போகிறார்கள், அல்லது பிடுங்கிப் பக்கத்தில் சொந்தமாகக் குட்டிச் சுருள் அடுக்குகிறார்கள். கலையால் தூண்டப்பட்ட கலை என்று அதை ரசிக்க மனம் வரவில்லை. ஓரக்கல் ஒன்றை உருவினால் அதன் பின்னாலுள்ள மண்ணுக்குப் பிடிமானம் போய்விடும்.

நான்சி ஹோல்ட்டின் ‘சன் டனல்ஸ்’ இதே ஏரிப் படுகையின் மேற்கே, ரயில் குறுக்குப்பாதைக்குப் பெயர் கொடுத்த அதே லூசின் அருகே இருக்கிறது. 1976-ல் முடிந்தது. 18 அடி நீளம், 9 அடிக்குச் சற்று மேல் விட்டம், ஒவ்வொன்றும் 22 டன் எடையுள்ள நான்கு கான்கிரீட் குழாய்கள், பெருக்கல் குறிபோல் வைக்கப்பட்டு, கோடை, குளிர்காலக் கதிர்த்திருப்ப நாட்களின் சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் நேராக. குழாய்ச் சுவரில் 7 முதல் 10 அங்குலம் வரையான துளைகள் நான்கு விண்மீன் கூட்டங்களின் வடிவில். ஸ்மித்சன் சிதைவை நம்பினார். ஹோல்ட் சூரியனை நம்பினார். சூரியன் இதுவரை ஏமாற்றவில்லை. ஸ்மித்சன் இறந்தபோது இடம் பார்த்துக்கொண்டிருந்த ‘அமரில்லோ ராம்ப்’ என்ற மண்மேட்டை ஹோல்ட்டும் நண்பர்களும் கட்டி முடித்தார்கள். அது நின்ற செயற்கை ஏரி வற்றிவிட்டது, மேடு மழையில் கரைந்துகொண்டிருக்கிறது. ஸ்மித்சனின் மற்ற மண்வேலைகளைவிட ஸ்பைரல் ஜெட்டி நன்றாக நிற்கிறதென்றால் காரணம் அந்தப் பசால்ட் ஓரக்கல்தான்.

இனி மறுபடி ரயில் கரை. கடைமடைக்கு வரவேண்டிய ஆற்றுநீரை வயலுக்கும் நகரத்துக்கும் ஆலைக்கும் மேலேயே எடுத்துக்கொண்டதோடு வறட்சியும் சேர, 2022 நவம்பரில் ஏரியின் மட்டம் 4,188.5 அடிக்கு விழுந்தது. அளக்கத் தொடங்கியதிலிருந்து அவ்வளவு தாழ்ந்ததில்லை. தெற்குப் பாதியில் உப்பு ஏறி உப்பிறாலுக்கே ஆபத்து. 2016-ல் ரயில் கரையில் 180 அடி அகலத்துக்குப் புதிய திறப்பு ஒன்று வைத்திருந்தார்கள். அதன் அடியில் நீரோட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரு கல் தடுப்பு. 2023 தொடக்கத்தில் அந்தத் தடுப்பை ஐந்தடி உயர்த்தி, தெற்கு நீர் வடக்கே போகாமல் தடுத்தார்கள். அந்த ஆண்டு பனி கொட்டித் தீர்த்தது. தெற்கு ஏறியது, வடக்கு தாழ்ந்தே கிடந்தது. தெற்கைக் காப்பாற்றியதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் சுருளைச் சுற்றி நீர் இல்லாததற்கு முழுப் பழியையும் வானத்தின்மேல் போடுவதும் சரியல்ல. அந்த முடிவில் ஒரு பகுதி மனிதர்கள் தடுப்புக்கல்லை எத்தனை அடி வைத்தார்கள் என்பது.

படைப்புக்குப் பட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. 2017-ல் யூட்டாவின் அதிகாரபூர்வக் கலைப்படைப்பு ஆனது. 2024-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது. பட்டத்தால் பேர் ஆற்றில் நீர் கூடாது.

போக நினைப்பவர்களுக்கு. சால்ட் லேக் சிட்டியிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். முதலில் கோல்டன் ஸ்பைக் வரலாற்றுப் பூங்கா. 1869-ல் அமெரிக்காவின் கிழக்கு மேற்கு ரயில் தடங்கள் சந்தித்த இடம். (இந்தக் கதையில் ரயில் நம்மை விடுவதே இல்லை.) அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் சரளைச் சாலை. பெட்ரோல், குடிநீர், கடை எதுவும் வழியில் இல்லை. அலைபேசிச் சிக்னலும் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தைக் கிளம்புமுன்னரே இறக்கிக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், சாலை களியாகியிருக்கும்.

சுருளைச் சுற்றி நீர் இருக்கிறதா என்று பார்க்கப் பலர் இணையத்தில் ஏரியின் நீர்மட்டத்தைத் தேடிப் பார்த்து ஏமாறுகிறார்கள். செய்திகளில் வழக்கமாக வருவது சால்ட்ஏர் என்ற அளவுமானியின் எண். அது ரயில் கரைக்குத் தெற்கே. நீங்கள் பார்க்க வேண்டியது வடபாதியிலுள்ள சேலைன் அளவுமானி. அது 4,195-ஐ ஒட்டி இருந்தால் 1970-ல் கட்டியபோது இருந்த அளவு நீரில் சுருளைப் பார்க்கலாம். நன்றாகக் கீழே இருந்தால் உப்புத் தரையில் நடந்துபோய்த்தான் நீரைத் தேட வேண்டும். போகும் வழியில் தார் கசிவுகளில் கால் வைத்துவிடாதீர்கள், வெயில் நேரத்தில் இளகி இருக்கும், பெலிக்கன் பறவைகளே சிக்கிச் செத்துப்போயிருக்கின்றன. பழைய செருப்பு அல்ல, கட்டக்கூடிய பழைய ஷூ. உப்புத்தட்டு உடைந்தால் கணுக்கால்வரை இறங்கும், விளிம்பு கண்ணாடிபோல் கிழிக்கும்.

முதலில் பின்னாலுள்ள குன்றில் ஏறிவிடுங்கள். கற்களின் வழியே ஏறப் பத்து நிமிடம் போதும். முழுச் சுருளும் அங்கிருந்துதான் தெரியும். கீழே நடக்கும்போது அது சுருள் என்பதே மறந்து, வெறும் கல்லும் மண்ணும் உப்பும் மட்டும் கண்ணில் நிற்கும். திரும்பியதும் காரின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவுங்கள். அந்த உப்பு இரும்பை விடாது.